சொடுக்குக்கு முன்னால் எழுந்த கோடு

சேம்பூரில் எங்கள் கட்டடத்தில் எனக்கு ‘ஷாக் ஆன்ட்டி’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. லிஃப்ட் கதவு மூடியபின் சொல்வார்கள். இத்தனை வருட ஆஸ்பத்திரி வேலையில் நான் ஒருவருக்கும் ஷாக் கொடுத்ததில்லை. நான் கொடுத்தது காந்தம். சொசைட்டி செக்ரட்டரிக்கு இதை ஒருமுறை பொறுமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, தன் முழங்கால் வலிக்குக் காந்த வளையல் போடலாமா என்று கேட்டார். அத்தோடு விளக்குவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நித்யா. நான் விட்டு வந்த இடத்தில் இருப்பவள், சான்பாடாவிலிருந்து வருகிற பெண். போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வெள்ளை இயந்திரக் கை எட்டு வடிவக் காந்தச் சுருளை ஏந்திக்கொண்டு இறங்கி, அவர் தலையில் தானாகவே பொருந்துகிறது. அவர் தலையை அசைத்தால் அதுவும் அசைகிறது.

“ஆன்ட்டி, இப்ப டேப்பே வேணாம்! கேமரா மண்டைய ஸ்கேன் பண்ணிடுது. ஆர்ம் எப்பவும் ஒரே பிரஷர்தான் குடுக்கும், ஜராபி, கொஞ்சங்கூட மாறாது. நீங்க கைலயேவா பிடிச்சீங்க? ஹாத் துக்தா நஹி தா? எழுதிக் குடுங்க ஆன்ட்டி, ட்ரெயினிங்ல வெச்சுக்கறோம். தமிழ்ல எழுதினாலும் ஓகே, மம்மி படிச்சுச் சொல்லிடுவாங்க.”

நித்யாவின் மம்மிக்கு என் வணக்கம். கை வலித்தது, உண்மைதான். ஆனால் நான் எழுத வந்தது அந்த ‘ஒரே பிரஷர்’ பற்றி.

பயிற்சிக் காலத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மாட்டுங்காவில் பிறந்து, அங்கேயே பௌதிகம் படித்தேன். வீட்டில் எல்லோரும் எனக்கு வங்கி வேலை என்று முடிவு செய்திருந்தபோது, மூளை அலைகளைக் காகிதத்தில் வரைகிற இயந்திரத்தின் முன் போய் உட்கார்ந்தேன். பிறகு நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளந்தேன். பிறகு காந்தம் வந்தது. காந்தத்தோடு டாக்டர் வாக்ளேயும் வந்தார்.

ஒல்லியான பெண்மணி, எப்போதும் கான்வாஸ் ஷூ. எங்களிடம் ஆங்கிலம் பேசுவார், கோபம் வந்தால் மராத்தி. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே சொல்: “நோட்டட்.” நோயாளி கண்ணீரோடு நன்றி சொன்னால் இயந்திரத்தைத் திரும்பிப் பார்ப்பார், நன்றி அதற்குரியது என்பதுபோல. ‘அதிசயம்’ என்ற சொல்லை அந்த அறையில் யாரும் உச்சரிக்கக் கூடாது. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய தையற்கார டேப் ஒன்று அவர் கைப்பையில் எப்போதும் இருக்கும்.

அந்த டேப்பால்தான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார். நோயாளியின் தலையில் நீச்சல் தொப்பியை மாட்ட வேண்டும். மூக்குத்தண்டு தொடங்கும் பள்ளத்திலிருந்து பிடரி மேட்டுவரை அளந்து பாதியில் ஒரு புள்ளி. இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை அளந்து பாதியில் ஒரு புள்ளி. இரண்டும் சந்திப்பது உச்சி. அங்கிருந்து பக்கவாட்டில் சில விரற்கடை இறங்கினால், கையை ஆளுகிற இடம் கீழே எங்கோ இருக்கும். நான் புள்ளி வைத்ததும் அவர் ஈரப்பஞ்சால் அதை அழித்துவிட்டு, “இன்னொரு முறை” என்பார். இரண்டாவது புள்ளி முதல் புள்ளியின் கறையில் விழாவிட்டால், “அகிலா, போய் டீ குடித்துவிட்டு வா” என்பார். முதல் மாதத்தில் நான் குடித்த டீக்கு அளவில்லை.

புள்ளி கிடைத்ததும் சுருளை அதன்மேல் வைத்து, கைப்பிடியைச் சாய்வாகத் திருப்பி, காலடி மிதியை அழுத்த வேண்டும். ‘டக்’ என்று ஒரு சொடுக்கு, கேஸ் லைட்டரைத் தட்டினால் வருமே, அதைவிடக் கொஞ்சம் கனமாக. கட்டைவிரல் துள்ளும். அதன் அடிச்சதையில் ஒட்டிய வயர்கள் அந்தத் துள்ளலைத் திரையில் பச்சைக் கோடாக வரையும்.

வாக்ளேயிடம் ஒரு விதி உண்டு. புது நோயாளி எவருக்கும் முதலில் எங்கள் கையில்தான் செய்து காட்ட வேண்டும். என் கட்டைவிரல் முதல்முறை துள்ளியபோது நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசைக்க நினைக்கவில்லை, அசையாமல் இருக்கவும் நினைக்கவில்லை. என் கையிலிருந்த ஒன்று எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு அமர்ந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கும்போது கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். ஏன் என்று அம்மா கேட்டாள். சும்மா என்றேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எங்கள் அறை தரைக்குக் கீழே இருந்தது, ஜன்னல் கிடையாது. வயர்களில் இரைச்சல் ஏறும் என்பதால் மின்விசிறியையும் நிறுத்திவிடுவோம். மூளையில் கட்டி எடுத்தபின் கையோ காலோ விழுந்துபோனவர்கள், ஆபரேஷன் செய்த டாக்டர் அனுமதித்தபின், அங்கே வருவார்கள். செல்லத்துரையும் அப்படித்தான் வந்தார்.

தாராவியில் பழைய பிளாஸ்டிக்கை நிறம்வாரியாகப் பிரித்து அரைக்கிற பட்டறையில் வேலை. நாங்குநேரிப் பக்கத்து ஆள். இடதுபக்க மூளையை அழுத்திக்கொண்டிருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். கெட்ட கட்டி இல்லை, திரும்ப வராது என்றும் சொல்லியிருந்தார்கள். மொட்டைத் தலையில் லாடம்போல ஒரு தையல் தழும்பு. வலது கை மட்டும் தோளிலிருந்து, யாரோ மறந்து தொங்கவிட்ட சட்டைபோலக் கிடந்தது. கூட வந்த மனைவி பேச்சியம்மாள் அந்தக் கையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டுத்தான் தான் உட்கார்ந்தாள்.

“டாக்டரம்மா, இவிய மண்டைய ஒருவாட்டி தொறந்தாச்சு. இன்னொருவாட்டி தொறக்கப் போறியளோ?”

“நான் டாக்டர் இல்லைம்மா. இது வெளிய இருந்தேதான். தலைல தட்டற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.”

“அப்ப என்ட்டயே விட்டிருக்கலாமே. கலியாணம் ஆன நாள்லேந்து தட்டிட்டுத்தான் இருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. நான் கேள்விகளைக் கேட்டேன். தலையில் உலோகம் உண்டா, வலிப்பு வந்ததுண்டா, வலிப்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாரா. எல்லாவற்றுக்கும் பேச்சியம்மாள் பதில் சொன்னாள். விதிப்படி முதலில் என் தலையில் சுருளை வைத்து மிதியை அழுத்தினேன். என் விரல் துள்ளியது. பேச்சியம்மாள் “யாத்தே!” என்று பின்னால் சாய்ந்தாள். எல்லா நோயாளிகளும் அந்த நேரத்தில் என் விரலைப் பார்ப்பார்கள். செல்லத்துரை மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வரும்போது உங்களுக்குத் தெரியுதா?” என்றார். அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

“எது?”

“வருததுக்கு முந்தி. லேசா ஒரு குளிரு மாரி.”

“இல்லை. ஒண்ணும் தெரியாது.”

தலையை ஆட்டிக்கொண்டார், நான் தொழிலுக்குப் புதுசு என்று புரிந்துகொண்டதுபோல.

ஆபரேஷன் ஆன பக்கத்தில் சுருளை வைத்துத் தேடினேன். அங்குலம் அங்குலமாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒரு சொடுக்கு. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. பிறகு மடியில் கிடந்த அந்தக் கையின் கட்டைவிரல் துள்ளியது. திரையில் சின்னதாக ஒரு மேடு.

பேச்சியம்மாள் எழுந்து வந்து கையருகே குனிந்தாள். “இன்னொருக்கா.” அழுத்தினேன். துள்ளியது. “ஏ பாவி மட்ட, அந்தம்மா சொன்னா கேக்கியே! மூணு மாசமா நான் கெஞ்சுதேன், என் சொல்லு ஒனக்கு ஏறலியே!” என்று கையைத்தான் திட்டினாள், அவரை அல்ல.

டாக்டர் வாக்ளே இதை நல்ல செய்தி என்றே கருதியிருக்க வேண்டும், ஏனென்றால் இருமுறை “நோட்டட்” என்றார். மூளையிலிருந்து கைக்குப் போகிற பாதை அறுபடவில்லை. “தண்டவாளம் சரியாக இருக்கிறது. மெகா பிளாக், அவ்வளவே” என்றார். ஞாயிற்றுக்கிழமை பழுதுபார்க்க ரயிலை நிறுத்திவிடுகிற ஹார்பர் லைனில் போகிற எவருக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

சிகிச்சை நல்ல பக்கத்து மூளைக்குத்தான். ஹவுசிங் சொசைட்டி மீட்டிங்கில் ஒருவரே பேசிக்கொண்டிருப்பார், மற்றவர் வாய் திறக்க முடியாது. அடிபட்ட பாதி பேச முயலும்போது நல்ல பாதி அதை அப்படித்தான் அமுக்கும். அதனால் நல்ல பாதிக்கு மெதுவாக, நொடிக்கு ஒன்றாகச் சொடுக்குகள் கொடுத்து அதன் குரலைத் தணிப்போம். அது அடங்கியிருக்கும் நேரத்திலேயே பிசியோதெரபி அறைக்கு அனுப்புவோம். அங்கே நோயாளி விழுந்த கையை அசைக்க முயல வேண்டும். முயலுவதுதான் மருந்து, காந்தம் கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே.

செல்லத்துரை முயலவில்லை.

எனக்கு அது திரையில் தெரிந்தது. வாரம் ஒருமுறை விழுந்த கையைச் சோதிப்பேன். முதலில் “சும்மா இருங்க” என்று சொல்லி ஒரு சோதனை, பிறகு “அசைக்கப் பாருங்க” என்று சொல்லி ஒன்று. எவ்வளவு மோசமாக விழுந்த கையானாலும், முயலச் சொன்னால் பச்சைக் கோட்டில் ஒரு சிலுசிலுப்பு வரும். சும்மா இருக்கச் சொன்னாலும் ஒரு சிலுசிலுப்பு இருக்கும், மனுஷனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இவர் கோட்டில் இரண்டு வேளையும் ஒன்றுமே இல்லை. கண்ணாடிபோல நேர்க்கோடு. வயர் கழன்றுவிட்டதா என்று நான் எழுந்து பார்த்தேன், கழலவில்லை. அப்படி ஒரு கோட்டை உயிருள்ள உடம்பில் நான் பார்த்ததே இல்லை. இடையில் நான் அழுத்தும்போது மட்டும் விரல் துள்ளும். பிறகு மறுபடி நேர்க்கோடு. ஜன்னலில்லாத அந்த அறையில், காதடைப்பான் செருகிக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடி அவர் உட்கார்ந்திருப்பார். நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

காரணத்தைப் பேச்சியம்மாள்தான் சொன்னாள், வராந்தாவில் டீ கிளாஸோடு.

“இவிய சாமியாடி, டாக்டரம்மா. எங்க சந்துல சொடலமாடன் கோயிலு இருக்கில்லா, அங்ஙன கொடைக்கு இவியதான் ஆடுவாவ. அப்பா, தாத்தா எல்லாரும் ஆடுன வல்லயத்த வலது கையிலதான் புடிக்கணும்.”

கொடை என்றால் கோயில் திருவிழா. வல்லயம் என்றால் மணிகள் கட்டிய நீண்ட ஈட்டி. எனக்கு அது அப்போது தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

“ஆடில கொடை. அதுக்குள்ள கை வரலன்னா அவிய சித்தப்பா மவன் தங்கராசு புடிச்சிருவான். மான்குர்த்ல இருந்துக்கிட்டுத் தெருத்தெருவாச் சொல்லுதான், ‘அண்ணனுக்கு மண்டையத் தொறந்தாவல்லா, அந்த ஓட்ட வழியாச் சாமி வெளிய போயிட்டு’ன்னு. அதக் கேட்டதுலேந்து மனுசன் சோறே சரியாத் திங்கல.”

“அப்ப கை வரணும்னு அவருக்கு ஆசை இருக்கே? ஏன் முயற்சி பண்ண மாட்டேங்கறார்?”

அவள் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “சாமியாடி தானா கைய அசைக்கலாமா? ‘தானா ஆடுதான்’னு ஒரு சொல்லு விழுந்தாப் போச்சு. இவிய பெரியப்பா ஒருத்தரு அப்பிடிச் சொல்லு வாங்கி, யாரு மூஞ்சியிலயும் முழிக்காமத் தாணேக்குப் போனவருதான், செத்ததுகூட எங்களுக்குப் பொறவுதான் தெரியும். இருவது வருசத்துக்கு மேல இவிய படிச்சதே அதானே. ஒடம்ப விட்டுட்டு நிக்கணும். வருததுக்கு முந்தி ஒரு விரலக்கூடத் தானா அசைச்சிரக் கூடாது. நீங்க என்னன்னா ‘அசைக்கப் பாருங்க, அசைக்கப் பாருங்க’ன்னு சொல்லுதிய.”

பிசியோதெரபிஸ்ட் தன் குறிப்பில் ‘ஊக்கமில்லாத நோயாளி’ என்று எழுதியிருந்தார். நான் பார்த்தவர்களிலேயே மிகக் கடினமாக உழைத்துக்கொண்டிருந்த நோயாளி அவர். அந்த உழைப்பெல்லாம் அசையாமல் இருப்பதில் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் வாக்ளேயிடம் சொன்னேன். மராத்தியிலும் ‘உடம்பில் வருவது’ என்று ஒரு சொல் உண்டு. அவருடைய அத்தை ஒருத்திக்கு வருமாம். அத்தையைப் பற்றி நான் அறிந்தது அது ஒன்றுதான், உடனே “நோட்டட்” என்று வாயை மூடிக்கொண்டார்.

அதற்கடுத்த வாரச் சோதனையில்தான் அது நடந்தது.

இந்தச் சோதனையில் சொடுக்குகளுக்கு இடையே ஒழுங்கான இடைவெளி இருக்கக் கூடாது. நோயாளி எதிர்பார்த்துவிட்டால் அளவு கெட்டுப்போகும். அதனால் நான் மனம்போனபடி அழுத்துவேன். எப்போது அழுத்துவேன் என்று எனக்கே ஒரு கணம் முன்னால்தான் தெரியும். திரையில் சொடுக்கு விழும் கணத்தில் ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். அதன் இடதுபக்கம் சொடுக்குக்கு முந்திய நேரம், வலதுபக்கம் பிந்திய நேரம். மேடு எப்போதும் வலதுபக்கம்தான் எழும். எழ முடியும்.

அன்று முதல் சொடுக்கில் மேடு இடதுபக்கமும் எழுந்தது.

ஏதோ இரைச்சல் என்று நினைத்தேன். இரண்டாவதிலும் எழுந்தது. மூன்றாவதற்கு வேண்டுமென்றே நெடுநேரம் காத்திருந்தேன். கோடு கண்ணாடிபோலக் கிடந்தது. சட்டென்று அழுத்தினேன். நான் அழுத்துவதற்குள் விரல் எழுந்துவிட்டது. என் கண்ணாலேயே பார்த்தேன். விரல், பிறகு சொடுக்கு. அவர் காதில் அடைப்பான். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். அறையில் நிழல்கூட முன்னால் விழாது. நான் எப்போது அழுத்தப்போகிறேன் என்பது என் தலைக்குள் மட்டும் இருந்த விஷயம். அது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

சுருளை அதன் தாங்கியில் வைத்துவிட்டு, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல், மாடிப்படி ஏறி வாக்ளேயைக் கூப்பிட்டு வந்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை.

அவர் திரையைப் பார்க்கவில்லை. செல்லத்துரையையும் பார்க்கவில்லை. என்னைச் செய்யச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் நின்று என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு சொடுக்குகளுக்குப் பிறகு, “உன் விரல் முட்டிகள் வெளுக்கின்றன” என்றார்.

“என்ன மேடம்?”

“மிதியை அழுத்துவதற்கு முன்னால் சுருளை இறுக்கிப் பிடிக்கிறாய். இறுக்கும்போது அது தலையில் ஒரு மயிரிழை அழுந்துகிறது. எல்லோரும் செய்வதுதான். எந்த நோயாளிக்கும் தெரிவதில்லை. இவருக்குத் தெரிகிறது.”

பிறகு என் காதோரம் சொன்னார்: “இயந்திரத்தை அணை. நான் உன் தோளைத் தொட்டால் கையை இறுக்கு. தொடாவிட்டால் சும்மா பிடித்துக்கொண்டிரு.”

அணைத்தேன். அறை இன்னும் அமைதியானது. தோளைத் தொட்டார், இறுக்கினேன், செல்லத்துரையின் கட்டைவிரல் எழுந்தது. காத்திருந்தார். தொட்டார். இம்முறை கட்டைவிரலோடு சுட்டுவிரலும் எழுந்தது. சொடுக்கு இல்லை, காந்தம் இல்லை. இருட்டான இயந்திரத்தின் முன்னால் அந்தக் கை நான் கேட்காமல் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வாக்ளே செல்லத்துரையின் காதடைப்பானை எடுக்கச் சொன்னார். யாரையும் ஏமாற்றி வைத்தியம் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. நடந்ததை உடனே சொல்லிவிட வேண்டும். அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

“மெசினு ஓடலியா?” என்றார் செல்லத்துரை.

“ஓடலை.”

“நான் அசைக்கலியே.”

“அசைஞ்சுது. நீங்கதான் அசைச்சிருக்கீங்க. உங்க மூளைலேந்துதான் வந்தது.”

தன் கையைக் குனிந்து பார்த்தார். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அவர் முகம் மெல்ல வெளிறியது.

“நான்தான் அசைச்சேன். ஆனா அசைச்சது எனக்குத் தெரியல. அப்பிடித்தானம்மா சொல்லுதிய?”

“ஆமா.”

“அப்ப இத்தன வருசமும் கொடையில ஆடுனது யாரு?”

அதை நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் வாக்ளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். பிறகு செல்லத்துரைக்குத் தெரிந்த இந்தியில், நேராக அவரிடமே சொன்னார்: “முஜே நஹி மாலூம், பாவு.” எனக்குத் தெரியாது, அண்ணா.

அதற்குப்பின் கை வேகமாகத் திரும்பியது. வழி கிடைத்துவிட்டதால் ‘முயற்சி செய்யுங்கள்’ என்பதை எல்லோரும் விட்டுவிட்டோம். பிசியோதெரபிஸ்ட் அவர் தலையில் லேசாகக் கை வைத்து இறுக்குவார், விரல்கள் மூடும். வீட்டில் அந்த வேலையைப் பேச்சியம்மாள் எடுத்துக்கொண்டாள். “தலையில கைய வெச்சு சோறு திங்க வெக்கேன் டாக்டரம்மா. பாக்குதவ ஆசீர்வாதம் பண்ணுதேன்னு நெனைக்காவ.” பிறகு தலையைத் தொடாமலே கை மூட ஆரம்பித்தது. டம்ளரைப் பிடித்தார். சட்டைப் பொத்தானைப் போட்டார். பட்டறையில் அரைநாள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கடைசிச் சோதனையில் அவர் கோட்டில் எல்லோரையும் போலச் சிலுசிலுப்பு இருந்தது, சும்மா இருக்கச் சொன்னபோதும். அந்தக் கண்ணாடிக் கோடு போய்விட்டது. வாக்ளே “நோட்டட்” என்றார். எனக்கு ஏனோ அந்தச் சிலுசிலுப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

போகும்போது செல்லத்துரை சொன்னார்: “கை வந்துட்டும்மா. வல்லயத்த மட்டும் தொட மாட்டேன். தங்கராசே புடிக்கட்டும். நான் தொட்டா, ஆடுதது யாருன்னு எனக்கே தெரியாது.”

ஆடியில் பேச்சியம்மாள் போன் செய்தாள். மதியக் கொடைக்கு வர வேண்டும், வராவிட்டால் ஜென்மத்துக்கும் பேசமாட்டாளாம். டாக்டர் வாக்ளேயும் கேட்டு வைத்திருந்தார், அந்தக் கை எப்படியிருக்கிறது என்று நேரில் பார்த்துச் சொல் என்று. போனேன்.

மழை. சந்துக்குக் குறுக்கே கட்டிய நீலத் தார்ப்பாயின் கீழே பட்டப்பகலில் ஒரு கடலடி வெளிச்சம். பட்டறைகளெல்லாம் மூடியிருந்தன. மேளக்காரர்கள் ஊரிலிருந்து வந்தவர்கள். சுவரோரம் வல்லயம் சாத்தியிருந்தது. தங்கராசு காப்புக் கட்டி, கச்சை கட்டி, மாலையோடு முன்னால் நின்றான். செல்லத்துரை கூட்டத்தோடு கூட்டமாக, வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். கை நன்றாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தார்.

மேளம் ஏறியது. ஏறி, ஏறி, இதற்குமேல் ஏற முடியாத இடத்தில் நின்றுகொண்டு அடித்தார்கள். தங்கராசு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒன்றும் வரவில்லை. மேளக்காரர்களின் சட்டை வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது. “என்னல, வருமா வராதா?” என்று பின்னால் ஒரு கிழவர் கேட்டார். “மான்குர்த் பாலத்துல டிராபிக்கா இருக்கும் தாத்தா” என்றது ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். தங்கராசு தன் வலது கையை லேசாக உதறினான். சிரிப்பு நின்றது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அவன் தானாக ஆட ஆரம்பிக்கப் போகிறான்.

செல்லத்துரை பிள்ளையை இறக்கிவிட்டார். சட்டையைக் கழற்றிப் பேச்சியம்மாள் தோளில் போட்டார். வல்லயத்தை வலது கையில் எடுத்து, மணி ஒன்றுகூடக் குலுங்காமல், தரையில் ஊன்றிப் பிடித்தார். பிறகு வல்லயத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்.

“யம்மா, அந்த எடத்துல ஒரு கை வைங்க.”

சாமியாடியின் தலையில், கொடைச் சமயத்தில், சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கையில். ஒரு மாமா “ஏ, ஏ” என்றார். பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அடங்கினார்.

“நீங்க இறுக்குனா அது நானு,” என்றார் செல்லத்துரை. “அதனால இறுக்காதிய. சும்மா வைங்க. மிச்சத்தப் பாப்போம்.”

எனக்குப் புரிந்தது. நான் இறுக்காமலே கை எழுந்தால் அது அவர் இல்லை. அணைத்து வைத்த இயந்திரத்தைக் கொண்டு நாங்கள் அவருக்குச் செய்த சோதனையை இப்போது அவர் எங்களுக்குச் செய்தார். லாடத் தழும்பின்மேல் முடி முளைத்திருந்தது. டேப் இல்லாமலே என் உள்ளங்கை இடத்தைக் கண்டுபிடித்தது. தளர்வாக, பஞ்சை வைப்பதுபோல வைத்தேன். என் விரல் முட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை வெளுக்கவில்லை. நீல வெளிச்சத்திலும் தெரிந்தது, வெளுக்கவில்லை. மேளம் அடித்துக்கொண்டேயிருந்தது. என் கைக்குக் கீழே அந்தத் தலை, நான் திரையில் பார்த்த கோட்டைப்போல, கண்ணாடியாக அடங்கியது.

பிறகு என் உள்ளங்கையில் ஓர் அழுத்தம் வந்தது. என் பக்கமிருந்து அல்ல, அந்தத் தலையின் பக்கமிருந்து.

முதலில் வல்லயத்து மணி ஒலித்தது. அதற்குப் பிறகுதான் அதைப் பிடித்திருந்த கை எழுந்தது.

மறுநாள் காலை டாக்டர் வாக்ளேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: “இறுக்கினாயா?”

“இல்லை, மேடம்.”

அவருடைய அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த நீச்சல் தொப்பியை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். அது புதுத் தொப்பி. அதுவரை யாரும் போட்டிருக்கவில்லை. குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.